ஜெர்மன் சில்வரில் நெல்லிச்சாறு

டொரோண்டோவில் என் கைக்கு முதலில் வந்தது ஒரு குவளை நெல்லிச்சாறு. மோர்னிங்சைடில் வசந்தி அன்ரியின் வீட்டு வாசலில் ஷூவைக்கூடக் கழற்றி முடிக்கவில்லை. பெட்டி பாதி உள்ளேயும் பாதி வெளியேயும் கிடந்தது. "முதல்ல இதைக் குடியும் பிள்ளை, பேந்து கதைப்பம்" என்று நீட்டினார். விரல் விறைக்கும் குளிரில் ஐஸ் போட்ட சாறு எதற்கு என்று ஒரு கணம் யோசித்தேன். குடித்ததும் விமானத்தில் அடைத்த காது திறந்துகொண்டது.

குவளைதான் விசித்திரமாக இருந்தது. நம் ஊர் டம்ளரைப் போல இரண்டு மடங்கு உயரம், வாய்ப்பக்கம் சற்று அகலம். உடம்பு முழுக்கப் பழைய நாணயங்களைப் பதித்திருந்தார்கள். வெளியே சுருள்முடி வைத்த ராஜாக்களின் முகங்கள். குடித்து முடித்து உள்ளே எட்டிப் பார்த்தால் அதே நாணயங்களின் மறுபக்கம், கழுகுகளும் கேடயங்களுமாக. உட்புறம் மங்கிய தங்க நிறம். கையில் கனமாகத்தான் இருந்தது. சாறு நிறைய ஊற்றியிருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

"வெள்ளிங்களா ஆன்ட்டி?"

"சீ, இல்லைப் பிள்ளை. ஜேர்மன் சில்வர்."

நான் கோயம்புத்தூரில் நகைகளைச் சோதித்துத் தரமுத்திரை இடும் நிலையம் ஒன்றில் வேலை செய்கிறேன். படித்தது உலோகவியல். ஜெர்மன் சில்வர் என்று காதில் விழுந்தால் என் தலைக்குள் ஓர் அட்டவணை தானாகத் திறக்கும்: செம்பு, துத்தநாகம், நிக்கல். வெள்ளி, பூஜ்யம். நம் ஊரில் நவராத்திரிக்கும் வளைகாப்புக்கும் தாம்பூலப் பையில் போட்டுக் கொடுக்கிற குங்குமச் சிமிழ் அந்த ரகம்தான். பெயரில் மட்டும் சில்வர். இதை வாசலில் நின்றபடியே விளக்கினேன். பயணக் களைப்பிலும் பாடம் நடத்துவது என் வழக்கம்.

சோபாவில் பக்கத்து வீட்டு ராணி அன்ரி உட்கார்ந்திருந்தார். புதிதாக யார் வந்தாலும் பார்த்துவிட்டுப் போக வருகிறவர் என்று பிறகு தெரிந்தது. குவளையை என் கையிலிருந்து வாங்கித் திருப்பிப் பார்த்தார்.

"நானும் ஒரு நிமிசம் வெள்ளியோ எண்டு பார்த்தன். என்னட்டையும் உப்பிடி ரெண்டு கிடக்கு. பூசைக்கும் எடுக்கிறேல்லை, எறியவும் மனமில்லை." குவளையைக் கீழே வைத்தார். அதோடு அதில் அவருக்கு அக்கறை போய்விட்டது.

வசந்தி அன்ரியின் கணவர் சிவா அங்கிள் லாரி ஓட்டுகிறார். இங்கே ட்ரக் என்று சொல்லாவிட்டால் யாருக்கும் புரியாது. அவர் குவளையின் வாய்ப்பக்கம் சுற்றிச் செதுக்கியிருந்த எழுத்துகளைக் கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தார். "வில்... கம். யாரோ வருவினம் எண்டு எழுதிக் கிடக்கு. உம்மைத்தான் போல."

அந்த வீட்டில் நான் உறவுக்காரி அல்ல. கல்லூரியில் என்னோடு படித்த தர்ஷினிக்கு வசந்தி அன்ரி சித்தி. புது சோதனைக் கருவியில் பயிற்சி எடுக்க நிறுவனம் என்னை அனுப்புகிறது என்று சொன்னதும், "ஓட்டலில் நின்றால் சித்தி என்னோடு பேசமாட்டா" என்று தர்ஷினி முடித்துவிட்டாள். இவர்கள் எழுதுவது ரொறன்ரோ. ஆன்ட்டியை அன்ரி என்பார்கள். நான் "ஆன்ட்டி" என்று கூப்பிடும்போதெல்லாம் அங்கிள் சிரிப்பார். என் 'ங்க'வுக்கும் சிரிப்பார். "உமக்கு வசனத்துக்கு வசனம் ஒரு 'ங்க' போடாட்டி மூச்சு முட்டுமோ?"

அன்று மாலை குவளை வந்த கதையை அன்ரி சொன்னார். வயதானவர்களை வீட்டில் போய்ப் பார்த்துக்கொள்வது அவர் வேலை. குளிப்பாட்டுவது, மருந்து கொடுப்பது, நடக்க வைப்பது. ஹெல்கா என்ற ஜெர்மன்காரப் பாட்டியிடம் பல வருடமாகப் போய்வருகிறார். அவர் சமீபத்தில் இதே ஸ்காபரோ பகுதியில் இருந்த வீட்டைக் காலி செய்துவிட்டு, பக்கத்து ஊரான அஜக்ஸில் மகன் வீட்டுக்குப் போய்விட்டார். காலி செய்யும்போது இந்தக் குவளையை அன்ரியின் கையில் வைத்திருக்கிறார்.

"வேலையிடத்தில பெறுமதியான சாமான் ஒண்டும் வாங்கக்கூடாது பிள்ளை. சொக்லட், பிஸ்கட், அவ்வளவுதான். பிடிபட்டால் வேலை போச்சு. அதாலதான் இது என்ன எண்டு கேட்டன். ஜேர்மன் சில்வர் எண்டவ. அப்ப பறவாயில்லை எண்டு வாங்கினன்."

"கவலையே படாதீங்க ஆன்ட்டி" என்றேன். "அதில் வெள்ளி துளிகூட இருக்காது."

நான் எந்தப் பயணத்திலும் மூன்று பட்டியல் வைத்துக்கொள்வேன்: எனக்குத் தெரிந்தவை, தெரியாதவை, தெரிந்ததாக நினைத்துக்கொண்டிருப்பவை. மூன்றாவது பெரும்பாலும் காலியாகவே கிடக்கும்.

முதல் நாள் காலையிலேயே அது நிரம்பத் தொடங்கியது. பஸ்ஸில் என் நிறுத்தம் வந்ததும் எழுந்து நின்றேன். பஸ் நிற்கவில்லை. கோவையில் நடத்துநர் விசில் அடிப்பார். அடிக்காவிட்டால் நாம் ஓட்டுநரைப் பார்த்து ஒரு குரல் கொடுப்போம். இங்கே நடத்துநரே இல்லை. குரல் கொடுக்கும் அளவுக்கு எனக்குப் பழக்கம் இல்லை. பின்னால் ஒரு சிறுமி தன் அம்மாவிடம் சொன்னது தெளிவாகக் கேட்டது: "அம்மா, அந்த அக்கா கோர்ட் புல் பண்ணேல்லை." ஜன்னலை ஒட்டி ஒரு மஞ்சள் கயிறு நீளமாக ஓடுவதை அப்போதுதான் பார்த்தேன். அதை இழுத்தால்தான் பஸ் நிற்குமாம். நான் துணி காயப்போடும் கொடி போல இருக்கிறதே என்று நினைத்துக்கொண்டுதான் அதன் கீழ் உட்கார்ந்திருந்தேன்.

இறங்கும்போது ஒவ்வொருவரும் ஓட்டுநருக்கு நன்றி சொல்கிறார்கள். நம் ஊரில் இறங்கும்போது பாக்கிச் சில்லறை கேட்போம். நானும் நன்றி சொல்லிவிட்டு, தாண்டிவந்த தூரத்தை மேப்பிள் சருகுகளை மிதித்துக்கொண்டு திரும்பி நடந்தேன்.

பயிற்சி நடந்த இடம் ஒரு தொழிற்பேட்டைக் கட்டடம். கருவி துப்பாக்கி போல இருக்கும். உலோகத்தின் மேல் வைத்து விசையை அழுத்தினால் எக்ஸ் கதிரைச் செலுத்தி, அதில் என்னென்ன எவ்வளவு கலந்திருக்கிறது என்று சில நொடிகளில் திரையில் காட்டிவிடும். ஊரில் எங்களிடம் இருப்பது மேஜைக் கருவி. இது கையில் தூக்கிக்கொண்டு போவது. பயிற்சி கொடுத்தவர் லின்டா, ஒல்லியான, சிரிக்காத பெண்மணி. கூடப் படித்தவர்கள் பழைய இரும்பு வியாபாரி ஒருவர், வடக்கே சுரங்கத்தில் வேலை செய்யும் ஒரு பெண், அடகுக்கடை நடத்தும் தம்பதி.

மதியம் மைக்ரோவேவ் முன் வரிசை. அன்ரி கட்டிக்கொடுத்த இடியப்பமும் சொதியும் சம்பலும் சூடாகத் தொடங்கியதும் அறை முழுக்க வாசம். கோவையில் இடியாப்பத்துக்குத் தேங்காய்ப்பாலும் சர்க்கரையும்தான். சொதியில் ஊறவைத்த இடியப்பத்தைச் சம்பலோடு சாப்பிட்ட பிறகு எங்கள் முறை குழந்தைச் சாப்பாடு மாதிரித் தோன்றியது. இதை ஊரில் சொல்லமுடியாது. பழைய இரும்புக்காரர் என் டப்பாவை எட்டிப் பார்த்தார். "அந்த மஞ்சள் தண்ணீர் என்ன?" கொஞ்சம் ஊற்றிக் கொடுத்தேன். குடித்துவிட்டுத் தன் சாண்ட்விச்சைக் கொஞ்ச நேரம் வெறுப்போடு பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்று பிற்பகல் லின்டா வீட்டுப்பாடம் கொடுத்தார். "நாளை ஆளுக்கு ஒரு உலோகப் பொருள் கொண்டு வாருங்கள். அதில் என்ன இருக்கிறது என்று உங்களுக்கு நிச்சயமாகத் தெரிந்திருக்கவேண்டும். முதலில் சொல்லுங்கள், பிறகு கருவி சொல்லட்டும்."

அன்ரியிடம் கேட்டதும் குவளையைப் புளி போட்டுத் தேய்த்துப் பளபளவென்று சாப்பாட்டுப் பையில் வைத்துக்கொடுத்தார். "வெள்ளைக்காரருக்குக் காட்டுறது. ஊத்தையாக் கிடக்கக்கூடாது."

மறுநாள் என் முறை வந்தபோது வகுப்பின் முன் நின்று தெளிவாகச் சொன்னேன். பெயரைப் பார்த்து ஏமாறக்கூடாது என்பதற்கு இது நல்ல உதாரணம். இது ஜெர்மன் சில்வர். செம்பு பாதிக்கு மேல், மீதி துத்தநாகமும் நிக்கலும். வெள்ளி அறவே கிடையாது. சொல்லிவிட்டு விசையை அழுத்தினேன்.

திரையில் முதல் வரியில் வெள்ளி. எண்பது சதவீதத்துக்கு மேல். இரண்டாவது வரியில் செம்பு. நிக்கல் என்ற சொல்லே இல்லை.

கருவியைத் துடைத்துவிட்டு இன்னொரு இடத்தில் வைத்தேன். அதேதான். நாணயங்களில் வைத்தேன். ஒவ்வொன்றும் ஒவ்வொரு தரத்தில் வெள்ளி. உள்ளே தங்கம், தங்கத்தோடு கொஞ்சம் பாதரசம். அங்கே விசையை இன்னொரு முறை அழுத்திப் பார்த்தேன். தங்கத்தைப் பாதரசத்தில் கரைத்துப் பூசிச் சூடாக்கி முலாம் போடுவது பழைய காலத்து முறை. இப்போது யாரும் அப்படிச் செய்வதில்லை. இது நேற்றுச் செய்த போலி அல்ல.

"இந்தப் பொருள் எங்கே செய்தது?" லின்டா கேட்டார்.

"ஜெர்மனியில்."

"எதில் செய்தது?"

திரையைப் பார்த்தேன். "வெள்ளியில்."

"அப்படியானால் இதை வேறு எப்படித்தான் கூப்பிடுவது?"

வகுப்பு சிரித்தது. அடகுக்கடைக்காரர் மட்டும் சிரிக்கவில்லை. கழுத்தை நீட்டிக் குவளையையே பார்த்துக்கொண்டிருந்தார். லின்டா அதை விளக்கின் கீழ் திருப்பினார். அடியில் நகக்கீறல் அளவுக்கு இரண்டு முத்திரைகள் இருந்தன. தினமும் முத்திரை பார்த்துச் சம்பளம் வாங்குகிறவள் நான். பெயரைக் கேட்டதும் கவிழ்த்துப் பார்க்கவே தோன்றவில்லை. "இதை யார் தேய்த்தாலும் இனிமேல் தேய்க்கவேண்டாம் என்று சொல்லுங்கள்" என்றார் லின்டா. முகர்ந்து பார்த்தார். "இது என்ன வாசம்?"

"புளி" என்றேன்.

திரும்பும்போது பையை மடியில் வைத்து இரண்டு கையாலும் கட்டிக்கொண்டேன். மஞ்சள் கயிற்றை ஒரு நிறுத்தம் முன்னதாகவே இழுத்துவிட்டேன். நடந்தே வந்தேன்.

அன்ரி சமையலறையில் லீக்ஸ் வெட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கத்தியை வைத்தார். "ஏன் பிள்ளை முகம் உப்பிடிக் கிடக்கு?"

சொன்னேன். சுற்றி வளைக்கவில்லை. ஹெல்கா சொன்ன ஜெர்மன் சில்வர் ஜெர்மன் நாட்டு வெள்ளி. நாம் கேட்டுக்கொண்டது வேறு. நானும் தவறாகவே உறுதி சொல்லிவிட்டேன்.

அன்ரி ஈரக்கையைத் துடைக்காமலே நாற்காலியில் உட்கார்ந்தார். அங்கிள் டி.வியை நிறுத்தினார்.

"எங்கட இடத்தில ஒரு பிள்ளை ஒரு சால்வை வாங்கினதுக்கே நிப்பாட்டிப்போட்டினம்" என்றார் அன்ரி. "இது வெள்ளி. எண்பது கடந்த மனிசியிட்ட இருந்து. மறதி மனிசியை ஏமாத்தி எடுத்தவ எண்டுதான் கதை வரும்."

"அவவுக்கு மறதி இல்லையே" என்றார் அங்கிள்.

"ஆருக்குத் தெரியும்? ராணி காதில விழுந்தால் நாளைக்கு ஸ்காபரோ முழுக்கத் தெரியும்."

"பேசாமல் அடுத்த முறை போகேக்க கொண்டுபோய் வைச்சிட்டு வாவன். ஏன் ஆருக்கும் சொல்லுவான்?"

"ஒளிச்சுக் கொண்டுபோய் வைச்சால்தான் நான் கள்ளி." அன்ரி எழுந்து கையைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தார். "நானே முதல்ல சொல்லவேணும்."

மேலாளருக்கு அவர் ஆங்கிலத்தில் சொன்னது மிகவும் நேராக இருந்தது. விலை இல்லாதது என்று நினைத்து வாங்கினேன், விலை உள்ளது என்று இன்று தெரிந்தது, நாளை திருப்பிக் கொடுக்கிறேன். மறுமுனையில் நீண்ட பதில். அன்ரி நின்றபடியே கேட்டார். வைத்ததும் சொன்னார்: "குடுத்திட்டு, குடுத்தாச்சு எண்டு சொல்லட்டாம். நான் அவவைப் பாக்கிற வேலை இந்தக் கிழமையோட முடியுது. அதுவரைக்கும் ஒண்டும் வாங்கக்கூடாதாம்." பிறகு லீக்ஸைத் தொடர்ந்து வெட்டினார். வழக்கத்தைவிடப் பொடியாக.

அடுத்த நாள் எங்களுக்கு அரைநாள் வகுப்பு. அன்ரியோடு அஜக்ஸ் ரயிலில் ஏறினேன். என் துறை என்ற பெயரில் உறுதி சொன்னவள் நான். அதைத் திருத்தவேண்டியதும் நான். மாடிப்பெட்டி வைத்த ரயில் அது. மேலே உட்கார்ந்தால் ஏரி சில இடங்களில் கடல் போலத் தெரிகிறது. எல்லோரும் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வெளியே பார்த்தவர்கள் நானும் ஒரு நாயும்தான். அன்ரி பையின் வாயைப் பிடித்தபடி இருந்தார்.

"குவளையைக் குடுத்தாலும் அவ என்ன நினைப்பா எண்டுதான்" என்றார். "இத்தனை வருசம் அவவின்ர வீட்டில ஒரு அப்பிள் எடுத்துச் சாப்பிடேல்லை. கடைசிக் கிழமையில வந்து, வெள்ளியாம், இந்தாங்கோ எண்டு நீட்டினால், பிடிபட்டாப் பிறகு குடுக்கிறா எண்டு நினைக்கமாட்டாவே?"

அஜக்ஸில் வீடுகள் ஒரே அச்சில் வார்த்தவை போல வரிசையாக நிற்கின்றன. ஸ்காபரோவில் வாங்க முடியாதவர்கள் இங்கே வந்து பெரிதாக வாங்குகிறார்கள் என்றார் அன்ரி. ஹெல்கா ஜன்னல் பக்கம் நாற்காலியில் இருந்தார். வெள்ளை முடியை இறுக்கிக் கொண்டை போட்ட, தோள் அகன்ற பெண். மகன் பீட்டர் அடுத்த அறையில் கணினியோடு வேலையில் இருந்தார். அன்ரி பையிலிருந்து குவளையை எடுத்து ஹெல்காவின் மடியில் வைத்தார்.

"இதை நான் வைத்துக்கொள்ள முடியாது. இது வெள்ளி."

ஹெல்கா நிமிர்ந்து பார்த்தார். "நான்தான் சொன்னேனே. ஜெர்மன் சில்வர் என்று."

நான் குறுக்கே புகுந்து விளக்கினேன். எங்கள் மொழி பேசுகிறவர்களிடம் அந்தப் பெயருக்குப் பொருளே வேறு. வெள்ளி இல்லாத, மலிவான ஒரு கலப்பு உலோகம். விழாவுக்கு வந்தவர்களுக்கெல்லாம் கொடுத்தனுப்புவது.

"அப்படியென்றால் நான் உனக்கு ஒரு மலிவு டம்ளரைக் கொடுத்தேன் என்று நினைத்தாயா?" ஹெல்கா அன்ரியைக் கேட்டார்.

"ஆமாம்."

"அதை அவ்வளவு சந்தோஷமாக வாங்கிக்கொண்டாய்."

"நீங்கள் தந்தது. மலிவாக இருந்ததால்தான் வாங்க முடிந்தது."

ஹெல்கா குவளையைத் திருப்பினார். "இது ஏன் இப்படி மின்னுகிறது?"

"கழுவினேன். இந்தப் பிள்ளை இந்தியாவிலிருந்து வந்தபோது இதில்தான் குடிக்கக் கொடுத்தேன். வீட்டில் பெரிய கிளாஸ் இது ஒன்றுதான்."

"எப்போது கொடுத்தாய்? சாப்பாட்டோடா?"

"வாசலில்" என்றேன் நான். "கோட்டைக் கழற்றுவதற்கு முன்னால்."

ஹெல்கா சத்தமாகச் சிரித்தார். பீட்டர் அறைக்குள்ளிருந்து எட்டிப் பார்க்கும் அளவுக்கு. "பீட்டர், இவளுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, கேட்டாயா?" பிறகு எங்களுக்குச் சொன்னார். அவர் அப்பா வழியில் விடுதி நடத்திய குடும்பம். இந்தக் குவளை வாசல் பக்கம் ஒரு மாடத்தில் இருக்கும். முதல் தடவை வருகிற எவரும் கோட்டைக் கழற்றுமுன் இதில் குடித்துவிட்டுத்தான் உள்ளே வரவேண்டும். வாய்ப்பக்கம் செதுக்கியிருப்பது அதுதான், வில்கம், வரவேற்பு. "இங்கே கொண்டுவந்து என்ன செய்வது? இந்த வீட்டில் கதவு எண் போட்டால் தானாகத் திறக்கிறது. வருகிறவர்கள் நேராக மாடிக்குப் போய்விடுகிறார்கள். உன் வீட்டில் எப்போதும் யாராவது வந்து இறங்கிக்கொண்டே இருப்பதாகச் சொல்வாயே. அதனால்தான் கொடுத்தேன்."

பீட்டர் தரையைப் பார்த்தார்.

அன்ரி தலையை ஆட்டினார். ஆனால் குவளையைத் திரும்பத் தொடவில்லை. ஹெல்காவுக்கு மருந்து கொடுத்து, கால் பிடித்துவிட்டு, கம்பளியைச் சரி செய்துவிட்டுத்தான் கிளம்பினார். கதவருகே போய்த் திரும்பி நின்றார். "ஞாயிற்றுக்கிழமை மதியம் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வாருங்கள். அதற்குள் உங்களிடம் என் வேலை முடிந்திருக்கும்."

ரயிலில் அவர் லேசாகத்தான் இருந்தார். ஸ்காபரோ வரும்போது மட்டும் சொன்னார்: "வரமாட்டா பிள்ளை. மகனுக்கு எங்க நேரம்? முந்தி வேலை எண்டு போய்ப் பாத்தன். இனி என்னெண்டு போறது?"

சனிக்கிழமை வோபர்னில் ஒரு கடையில் மட்டன் ரோல்ஸ் வாங்கினோம். இடியப்பம் அங்கே நூறு, இருநூறு என்று பெட்டியில் அடுக்கிப் போகிறது. எங்களுக்கு முன்னால் நின்றவர், "அண்ணை, சம்பல் கூடப் போடுங்கோ, போன முறை காணேல்லை" என்று சண்டைக்கு நின்றார். அன்ரி ஆட்டிறைச்சி, கத்தரிக்காய், மரவள்ளிக்கிழங்கு எல்லாம் வாங்கினார். ஹெல்காவுக்குப் பல் பலமில்லை என்று சொல்லிப் பருப்பும் வாங்கினார். வரமாட்டார் என்று அன்ரியே சொன்னவருக்கு இத்தனை சமையல் எதற்கு என்று நான் கேட்கவில்லை.

ஞாயிறு மதியம் நேரம் கடந்துகொண்டே போனது. அங்கிள் ஜன்னலில் நின்றார். "நாலு-பூஜ்யம்-ஒண்டு முழுக்க அடைபட்டுக் கிடக்குமாம்." அதுதான் அஜக்ஸிலிருந்து வரும் நெடுஞ்சாலை. அன்ரி மூன்றாம் தடவை சோற்றைச் சூடாக்கினார். பிறகு ஒரு கார் வந்து நின்றது. பீட்டர் இறங்கி, கதவைத் திறந்து, அம்மாவைப் பிடித்து நடத்தி வந்தார். "நெடுஞ்சாலையில் விபத்து. மன்னிக்கவேண்டும்."

ஹெல்கா வாசலிலேயே நின்றுவிட்டார். கோட்டைக் கழற்ற அங்கிள் கை நீட்டினார். விடவில்லை. கைப்பையைத் திறந்து குவளையை எடுத்து அன்ரியிடம் நீட்டினார்.

"ஊற்று" என்றார்.

அன்ரி உள்ளே போய் நெல்லிச்சாறு நிரப்பிக்கொண்டு வந்தார். ஹெல்கா வாசலில் நின்றபடி மடக் மடக்கென்று முழுவதையும் குடித்தார். புளிப்பில் ஒரு கண் மூடிக்கொண்டது. பிறகுதான் கோட்டைக் கொடுத்தார்.

சாப்பாட்டில் அவர் பருப்பைத் தொடவில்லை. ஆட்டிறைச்சியைக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். மகன்தான் தண்ணீரைக் குடித்துக்கொண்டே இருந்தார்.

சாப்பிட்டு முடிந்ததும் அன்ரி குவளையைக் கழுவி, துணியில் சுற்றி, ஹெல்காவின் பையில் வைத்தார். ஹெல்கா அதை எடுத்தார். மெல்ல நடந்துபோய் வாசல் பக்கம் சாவி மாட்டும் பலகையின் மேல் வைத்தார்.

"இல்லை" என்றார் அன்ரி. "நான் வாங்கமாட்டேன்."

"யார் கொடுத்தார்கள்? இது என்னுடையது. இங்கே இருக்கட்டும். அடுத்த தடவை வரும்போது நான் எதில் குடிப்பது?"

பீட்டர் தொண்டையைச் செருமினார். "முதலில் கொடுத்தபோதே அம்மா என்னிடம் கேட்டுவிட்டுத்தான் கொடுத்தார். நான் சுவர்க் கடிகாரத்தை எடுத்துக்கொண்டேன். உங்கள் அலுவலகத்திடமும் வெள்ளிக்கிழமை பேசிவிட்டேன். வேலை முடிந்துவிட்டது, இனி எங்கள் விஷயம் இல்லை என்றார்கள்." பிறகு அம்மாவைப் பார்க்காமல் சொன்னார்: "மாதம் ஒரு ஞாயிறு கூட்டிக்கொண்டு வருகிறேன்."

அன்ரி அங்கிளைப் பார்த்தார்.

"பிறகென்ன?" என்றார் அங்கிள். "என்ர தம்பி வாறபோதெல்லாம் தான் கட்டுற சாரத்தை இஞ்சதான் விட்டிட்டுப் போறான். அதை நாங்கள் எடுத்திட்டம் எண்டு ஆரும் சொல்லேல்லையே. இவ தன்ர கிண்ணத்தை விட்டிட்டுப் போறா." குவளையின் விளிம்பைத் தட்டிக் காட்டினார். "வருவினம் எண்டு நான் அண்டைக்கே வாசிச்சனான்."

அன்ரி அதைப் பலகையிலிருந்து எடுத்தார். திருப்பிக் கொடுக்கவில்லை. குளிர்சாதனப் பெட்டியைத் திறந்து இன்னொரு தரம் நிரப்பினார். ஹெல்கா சோபாவில் உட்கார்ந்து அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். பீட்டர் காரைச் சூடாக்க வெளியே போனார்.

அந்த நேரம் பார்த்துத்தான் கதவைத் தட்டாமல் ராணி அன்ரி உள்ளே வந்தார். கையில் ஒரு தட்டு வடை. வெளியே புதுக் கார் நிற்பதைப் பார்த்திருப்பார். ஹெல்காவைப் பார்த்தார், ஹெல்காவின் கையைப் பார்த்தார், முகம் சுருங்கியது.

"என்ன வசந்தி, வீட்டுக்கு வந்த மனிசிக்கு உதிலயே குடுக்கிறீர்? நல்ல கிளாஸ் ஒண்டும் இல்லையே? கேட்டிருந்தால் நான் தந்திருப்பனே."

"அவ ஜேர்மன்காரி, ராணி. அவவுக்கு உதுதான் விருப்பம்" என்றார் அன்ரி. குரல் அசையவில்லை. காது நுனி மட்டும் சிவந்திருந்தது.

"அதுக்காக? ஜேர்மன் சில்வர்."

பேச்சில் ஹெல்காவுக்குப் புரிந்த சொற்கள் அந்த இரண்டுதான். குவளையை உயர்த்திக்காட்டித் தலையை ஆட்டினார். "ஆமாம், ஆமாம். ஜெர்மன் சில்வர். மிகவும் பழையது."

"பழசாம் வேற, பாவம்." ராணி அன்ரி என் பக்கம் திரும்பினார். "பிள்ளை, நீர்தானே படிச்சனீர். அண்டைக்கு வடிவா விளங்கப்படுத்தினீர். அது என்ன சாமான் எண்டு நீரே சொல்லும்."

வசந்தி அன்ரி என்னைப் பார்த்தார். அங்கிள் வடைத் தட்டைப் பார்த்தார். நான் சோதித்துப் பார்க்காமல் இனி எதையும் உறுதி சொல்வதில்லை என்று முடிவு செய்திருந்தேன். இதைச் சோதித்துப் பார்த்திருந்தேன்.

"ஓம் அன்ரி" என்றேன். "ஜேர்மன் சில்வர்தான்."